ஹெலன் அம்மாவின் பெயரையும் எழுதுங்கள்

லாஸ் ஏஞ்சலஸிலும் ரிவர்சைடிலும் கொரிய முன்னோடிகளின் நினைவிடங்களைக் காத்து வரும் சங்கத்தாருக்கும், இரண்டு ஊர் நகர மன்றத்தாருக்கும், கொரிய விடுதலை இயக்கத்தின் பழைய கேட்டலினா தெருக் கட்டடத்தை மீட்டெடுத்த கொரிய அரசு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் கொரியப் பெண் இல்லை, தமிழ்க்காரி. உங்கள் விஷயத்தில் வெளியாள் ஒருத்தி எழுதுவது சரியா என்று பல நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், மனசில் உள்ளதை முழுசாகச் சொல்ல எனக்கு இந்த மொழிதான் இருக்கிறது. கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தி கொரியப் பெண், மொழிபெயர்ப்பில் உதவுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அப்புறம் இதைத் தமிழ் படிப்பவர்களும் படிக்க வேண்டும் என்று ஆசை.

தினமும் 110 ஃப்ரீவேயில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். 10-ஆம் எண் ஃப்ரீவே குறுக்கிடும் அந்தச் சந்திப்புக்கு டோசான் ஆன் சாங்-ஹோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காலை நெரிசலில் பெயர்ப் பலகையை எழுத்து எழுத்தாகப் படிக்க நேரம் கிடைக்கும், ஆனாலும் யார் அவர் என்று விசாரிக்க ரொம்ப நாள் தோன்றவில்லை. ஊரிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு ரிவர்சைடில் உள்ள காந்தி சிலையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனபோதுதான், அதே மெயின் தெருவில் இதே பெயரோடு ஒரு கொரியப் பெரியவரின் சிலையைப் பார்த்தேன். பக்கத்தில் மார்ட்டின் லூதர் கிங்கும் இருக்கிறார். சித்தப்பா மூன்று சிலைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "கஸ்தூரிபா எங்கேம்மா?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், எனக்குத்தான் அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கொரியப் பெரியவரின் மனைவி யார் என்று தேட ஆரம்பித்தேன். அன்றைக்குத் தொடங்கிய வாசிப்புதான் இந்த மடல்.

டோசானைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் வாசகர்களுக்காக இரண்டு வரி: 1878-இல் பிறந்தவர், ஜப்பானின் பிடியிலிருந்து கொரியாவை மீட்கப் பாடுபட்ட தலைவர்களில் முக்கியமானவர். 1913-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹுங்சாதான் என்ற இயக்கத்தைத் தொடங்கினார், ஷாங்காயில் அமைந்த கொரியத் தற்காலிக அரசில் பொறுப்பு வகித்தார், ஜப்பானியர் சிறையில் உடல் கெட்டு 1938 மார்ச் 10 அன்று இறந்தார். பெரிய மனிதர், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நான் எழுத வந்தது அவருடைய மனைவியைப் பற்றி. ஐந்து பிள்ளைகளின் அம்மா, ஒரு ஊர்ச் சனத்துக்கே சோறு போட்ட அம்மா.

பிறந்தபோது வைத்த பெயர் இ ஹே-ரியான். அமெரிக்கா வந்த பிறகு ஹெலன் ஆன். நான் ஹெலன் அம்மா என்றே எழுதுகிறேன், எங்கள் பக்கம் வயதில் மூத்த பெண்ணைப் பெயர் மட்டும் சொல்லிக் கூப்பிட நாக்கு வராது.

1884-இல் பிறந்தவர். தகப்பனார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். நிச்சயமான பிறகு டோசான் அவரைச் சியோலுக்கு அனுப்பிப் பெண்கள் பள்ளியில் படிக்க வைத்தார். 1902-இல் திருமணம், முடிந்த கையோடு கப்பல். டோசான் தனியாகப் போய்ப் படித்துவிட்டு வருவதாகத்தான் இருந்தாராம், நானும் வருவேன் என்று கூடக் கிளம்பியவர் இவர். அந்த அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள். அப்போது வயது 18.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குக் கொரியக் கூலித் தொழிலாளர்களை ஏற்றி வந்த முதல் கப்பலே 1903 ஜனவரியில்தான் ஹொனலூலு வந்து சேர்ந்தது. அதற்கும் முன்னால் அமெரிக்க மண்ணில் இறங்கிய கொரியப் பெண் தன் மொழியில் யாரோடு பேசியிருப்பார்? சான் பிரான்சிஸ்கோவில் அப்போது இருந்த கொரியர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அவர்களிலும் பெண்கள் இல்லை என்றே சொல்லலாம். நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே பத்து நிமிட தூரத்துக் கடையில் பாக்கெட்டில் இட்லி மாவு கிடைத்தது, அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டே தோசை சுட்டேன். அப்படியும் ராத்திரியில் அழுதிருக்கிறேன். ஹெலன் அம்மாவும் கணவரும் முதலில் வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்து பிழைத்தார்கள். டோசான் படிக்கத்தான் வந்தார், ஆனால் இங்கே தெருவில் ஜின்செங் என்ற மருந்து வேர் விற்கும் இரண்டு கொரிய வியாபாரிகள் குடுமியைப் பிடித்துச் சண்டை போட்டதைப் பார்த்துவிட்டு, முதலில் என் சனத்தைச் சேர்க்கிறேன், படிப்பு அப்புறம் என்று முடிவெடுத்தார் என்பது உங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் அந்த முடிவை எடுத்த அன்றைக்கு வீட்டு வாடகை யார் தலையில் விழுந்தது என்பதையும் அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிறகு 1904-இல் ரிவர்சைடு. ரயில் பாதையை ஒட்டிப் பசாப்பா குடியிருப்பு, முன்பு சீனத் தொழிலாளர்களுக்காகப் போட்ட மரக் குடிசைகள். மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. ஒரு ஆரஞ்சைப் பறித்தாலும் அக்கறையாகப் பறிப்பது நாட்டுக்குச் செய்யும் சேவைதான் என்று டோசான் தோட்டத் தொழிலாளர்களிடம் சொல்வாராம். அருமையான பேச்சு. பறித்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு அந்தக் குடிசைகளில் தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டி, மண் அப்பிய சட்டைகளைத் துவைத்துப் போட்டதும் சேவைதானே? அந்த இடத்தை ரிவர்சைடு நகராட்சி பண்பாட்டு முக்கியத்துவம் உள்ள இடமாக அறிவித்துப் பலகை வைத்தபோது சந்தோஷமாக இருந்தது என்று என் தோழியின் அம்மா சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான்.

இனி வருகிற கணக்கைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள், நான் இதைக் காகிதத்தில் எழுதி வைத்துப் பார்த்தேன். 1905-இல் மூத்த மகன் பிலிப் பிறந்தார். 1907-இல் டோசான் கொரியாவுக்குப் போனார், 1911-இல் திரும்பினார். 1912-இல் பில்சன், 1915-இல் சூசன், 1917-இல் சூரா. நடுவில் டோசான் மெக்சிகோவில் இருந்த கொரியத் தொழிலாளர்களைப் பார்க்கப் போய்ப் பல மாதம் அங்கே தங்கினார். 1919-இல் ஷாங்காய். 1924 கடைசியில் திரும்பி வந்து, 1926 தொடக்கத்தில் மறுபடி கிளம்பினார். அதற்கப்புறம் வரவே இல்லை. அந்த வருடம் செப்டம்பரில் கடைக்குட்டி ரால்ஃப் பிறந்தார், அப்பாவை ஒருமுறைகூடப் பார்க்காத பிள்ளை. மணமாகி 36 வருடத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது சுமார் 13 வருடம்தான்.

மீதி வருடங்களில் குடும்பத்தைச் சுமந்தது யார் என்று பார்த்தால், பிறர் வீட்டில் சமையல், துணி துவைப்பு, துப்புரவு என்று கிடைத்த வேலையெல்லாம் செய்த ஹெலன் அம்மாதான். மூத்த மகன் பிலிப்பும் சின்ன வயதிலேயே தோள் கொடுத்தார், கொலூசா பக்கம் நெல் வயலில் வேலை, பிறகு லிஃப்ட் இயக்கும் வேலை. டோசான் ஷாங்காயிலிருந்தும் சிறையிலிருந்தும் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் அன்பும் இருக்கிறது, கணவனாக, தகப்பனாகத் தன் கடமையைச் செய்யவில்லை என்ற வருத்தமும் இருக்கிறது. அவருக்கே அது தெரிந்திருந்தது. பின்னால் வந்த நாம்தான் மறந்துவிட்டோம்.

லாஸ் ஏஞ்சலஸில் பங்கர் ஹில் என்ற மேட்டில், ஃபிகரோவா தெருவில் அவர்கள் இருந்த வீட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்தது. கல்லூரிப் பையன்களுக்கு மெஸ் மாதிரி நடத்திச் சாப்பாடு போட்டவர் என் அம்மா. பன்னிரண்டு பேருக்குத் தினம் மூன்று வேளை சமைத்தால் கை எப்படி ஆகும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். ஃபிகரோவா வீடு குடும்பத்தின் வீடு மட்டுமில்லை, ஹுங்சாதானின் தலைமை இடமும் அதுதான். வேலை தேடி வந்த கொரிய இளைஞர், படிக்க வந்த மாணவர், தங்க இடமில்லாத தனிக்கட்டை என்று எப்போதும் ஆள் நிறைந்த வீடு. கூட்டம் கூட்டினார்கள், தீர்மானம் போட்டார்கள் என்று சங்கக் குறிப்பில் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் தட்டு வைத்தது குறிப்பில் ஏறாது. அப்படியொரு வீட்டில் அடுப்பு அணைந்திருந்தால் அந்த இயக்கம் எத்தனை மாதம் ஓடியிருக்கும்? நான் இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஊர் விட்டு ஊர் வந்த ஆம்பிளைகள் ஒரு இடத்தில் கூடி நிற்க முதல் காரணம் சொந்த ஊர்ச் சாப்பாடு, இது எந்த ஊர் சனத்துக்கும் பொருந்தும்.

அந்த மேட்டிலிருந்த பழைய வீடுகளெல்லாம் பின்னாளில் நகரச் சீரமைப்பு என்று சொல்லி இடிக்கப்பட்டுவிட்டன. போய்ப் பார்க்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

ஆனால் ஹெலன் அம்மா அடுப்படியோடு நின்றவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1919 மார்ச்சில் கொரியா முழுக்கச் சுதந்திர முழக்கம் எழுந்த செய்தி இங்கே எட்டியதும், லாஸ் ஏஞ்சலஸ் கொரியப் பெண்கள் ஒரு சங்கம் சேர்த்தார்கள், அதில் அவர் முன்னால் நின்றார். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் இறைச்சி கிடையாது, புதன்கிழமை சோயா சாஸ் கிடையாது, அதில் மிச்சமாகும் காசு விடுதலைப் போராட்டத்துக்கு. சோயா சாஸ் இல்லாத கொரியச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று தோழியிடம் கேட்டேன், புளி இல்லாமல் உங்கள் குழம்பு எப்படி இருக்குமோ அப்படி என்றாள். எங்கள் பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துப் போடுவார்கள், தானத்துக்கு என்று. அதே கை, அதே பழக்கம். அந்த ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பல ஊர்களில் இருந்த பெண்கள் சங்கங்கள் டினுபாவில் ஒன்றாகச் சேர்ந்து கொரியப் பெண்கள் தேசபக்திச் சங்கமானது. ஹெலன் அம்மா பல வருடம் அதில் உழைத்தார். கூலிவேலை பார்த்த பெண்கள் மாதா மாதம் சேர்த்த டாலர்கள் கடல் கடந்து தற்காலிக அரசு வரைக்கும் போயின.

அவரைத் தெய்வமாக்கவும் நான் வரவில்லை. பிலிப் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது ஹாலிவுட் நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் அவரைப் பார்த்துச் சினிமாவில் நடிக்கிறாயா என்று கேட்டார், அம்மா ஒரேயடியாக முடியாது என்றுவிட்டார், அந்தக் கூட்டத்தோடு என் பிள்ளைக்கு என்ன வேலை என்று. எந்தத் தமிழ் அம்மாவும் அந்தக் காலத்தில் இதைத்தான் சொல்லியிருப்பார். பிலிப் 1930-களில் நடிக்க வந்து, ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம் பதிக்கும் அளவுக்குப் பெயர் எடுத்தது வேறு கதை. மகள் சூசன் அமெரிக்கக் கடற்படைக்கு விண்ணப்பித்து முதலில் நிராகரிக்கப்பட்டு, 1942-இல் மறுபடி முயன்று சேர்ந்தார், பீரங்கிப் பயிற்சி அதிகாரி வரைக்கும் உயர்ந்தார். அவர் 1947-இல் ஐரிஷ் வம்சத்து வெள்ளைக்காரரை மணந்தபோது ஹெலன் அம்மாவால் அதை முதலில் ஏற்க முடியவில்லை. கோபமும் பிடிவாதமும் பயமும் உள்ள ஒரு தாய், அவ்வளவுதான். அதனால்தான் எனக்கு அவர் இவ்வளவு நெருக்கமாகத் தெரிகிறார்.

1937-இல் குடும்பம் மேற்கு 34-ஆம் தெரு வீட்டுக்குக் குடி வந்தது. இன்று அந்த வீட்டில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கொரியவியல் நிறுவனம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை போய் வாசலில் நின்றேன். மஞ்சள் வெயில், மாணவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். 1938 மார்ச்சில் கணவர் இறந்த செய்தி அவர் இங்கே குடியிருந்தபோதுதான் வந்தது என்று நினைத்தபோது அங்கே நிற்க முடியவில்லை. கடைசியாகப் பார்த்துப் பன்னிரண்டு வருடம். முகம் பார்க்கவும் வழியில்லை, இறுதிச் சடங்குக்குப் போகவும் வழியில்லை, கையில் பதினொரு வயதுப் பையன். மறுநாள் காலை எழுந்து அவர் என்ன செய்திருப்பார்? எனக்குத் தெரிந்த எல்லா அம்மாக்களையும் போல அரிசி களைந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் யுத்தம். பேர்ல் ஹார்பருக்குப் பிறகு இங்கிருந்த கொரியர்களை, ஜப்பானின் குடிமக்கள் என்ற கணக்கில், எதிரி நாட்டவர் பட்டியலில் வைத்தார்கள். ஜப்பானை எதிர்த்துக் கணவரைப் பறிகொடுத்தவர் வீட்டுக்கும் அதே பெயர்தான். அந்த வீட்டிலிருந்தே பிலிப் ராணுவத்துக்கும் சூசனும் ரால்ஃபும் கடற்படைக்கும் போனார்கள். இவ்வளவும் ஆன பிறகும் ஹெலன் அம்மாவால் அமெரிக்கக் குடியுரிமை கேட்க முடியாது, கொரியர்களுக்கு அந்தக் கதவு திறந்தது 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். 18 வயதில் வந்தவருக்கு அப்போது 68.

1969-இல் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். 1973-இல் சியோலில் கணவரின் பெயரில் பூங்கா அமைத்தபோது இவருடைய உடலையும் கொண்டுபோய் அவர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். கடைசியில் சேர்ந்து இருக்கிறார்கள், அதைப் படித்தபோது அழுதுவிட்டேன். கொரிய அரசு டோசானுக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதை 1962-இலேயே அளித்தது, ஹெலன் அம்மாவின் விடுதலைப் பணிக்கு விருது 2008-இல் வந்தது. இடையில் 46 வருடம்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஃப்ரீவே சந்திப்பு, கொரியாடவுன் 6-ஆம் தெரு அஞ்சலகம், ரிவர்சைடு சிலை, சியோல் பூங்கா, நான்கிலும் இருப்பது டோசான் பெயர். அதை மாற்றச் சொல்லவில்லை. கேட்டலினா தெருவில் ஹுங்சாதானின் பழைய கட்டடம் இடிபடுகிற நிலைமைக்கு வந்தபோது 2023-இல் கொரிய அரசே விலை கொடுத்து வாங்கிக் காப்பாற்றியது, அதற்காகக் குரல் கொடுத்த ஒவ்வொருவருக்கும் என் நன்றி. அந்தக் கட்டடத்தில் ஒரு அறையை, சின்ன அறையானாலும் சரி, சமையலுக்கும் சலவைக்கும் ஒதுக்குங்கள். கொடியும் மேடைப் பேச்சும் கூட்டப் படமும் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு பக்கம் அரிசிச் சட்டி, துவைக்கும் பலகை, இறைச்சி இல்லாத செவ்வாய்க்கிழமையின் கதை, மாதச் சந்தாக் கணக்கு எல்லாம் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் வரும்போது ஒரு விடுதலை இயக்கம் தினசரி எப்படி ஓடியது என்று கண்ணால் பார்க்கட்டும்.

எழுதும்போது மட்டும் தயவுசெய்து "டோசானின் துணைவியார், அவருடைய பணிக்கு உறுதுணையாக இருந்தவர்" என்று எழுதிவிடாதீர்கள். உறுதுணை என்ற அந்த ஒரு சொல்லில் நாற்பது வருட வேலை காணாமல் போய்விடுகிறது. என்ன வேலை, எங்கே, எத்தனை பேருக்கு, எத்தனை வருடம் என்று எழுதுங்கள்.

இன்னொன்று. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வந்த அம்மாக்கள் இப்போது எண்பதுகளில் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்த்தவர்கள், தையல் ஆலையில் குனிந்தே முதுகு வளைந்தவர்கள், சலவைக் கடையும் மளிகைக் கடையும் நடத்தியவர்கள், "கே" போட்டு ஒருவருக்கொருவர் கடை வைக்க முதல் திரட்டிக் கொடுத்தவர்கள். எங்கள் ஊர்ச் சீட்டுதான் அது, பெண்களின் நாணயத்தை மட்டும் நம்பி நடப்பது. 1992 ஏப்ரல் 29 கலவரத்தில் ஒரே ராத்திரியில் கடையைப் பறிகொடுத்துவிட்டு மறுவாரம் தேவாலயச் சமையலறையில் அடுத்தவர்களுக்குச் சோறு பொங்கியவர்களும் இவர்கள்தான். தோழியின் அம்மா அதில் ஒருவர். அவருடைய பெயரை இங்கே எழுதக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார், "நான் என்ன செய்தேன்?" என்று. இதே பதிலைத்தான் என் அம்மாவும் சொல்வார். அவர்கள் இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஹெலன் அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் நினைவோடு பேச ஒரு மகள் இருந்தார், சூசன் நூறு வயது வரை இருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லா அம்மாக்களுக்கும் அப்படி ஒரு மகள் அமைவதில்லை.

கேட்டலினா தெருக் கட்டடத்தின் வாசலில் பலகை வைப்பதானால் கொரிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதுவீர்கள். ஸ்பானிஷிலும் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். காலை ஐந்தரை, ஆறு மணிக்கு அந்தப் பக்கத்து நிறுத்தங்களில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் அடுத்தவர் வீட்டைக் கூட்டித் துடைக்கவும், சமைக்கவும், பிள்ளை பார்க்கவும் போகிறவர்கள். பஸ் வரும்வரை அதைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

அன்புடன்,
110-இல் தினமும் உங்கள் பெயர்ப் பலகையைக் கடந்து போகிற ஒரு தமிழ்ப் பெண்